ஒருநாள் பிரேக்

வருஷத்தில் ஒரு நாள் மட்டும், வேலை செய்கிற இடத்துக்கு அவள் யாரோ. முந்தின நாளோடு பழைய ஒப்பந்தம் முடியும், மறுநாள் புது ஒப்பந்தம் தொடங்கும். நடுவில் மாட்டிக்கொண்ட அந்த ஒற்றை நாளுக்கு அவள் பாடம் நடத்தும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் 'பிரேக்' என்று பெயர். கேட்பதற்கு என்னவோ ஓய்வு மாதிரி இருக்கும். அந்த ஒரு நாளால்தான், அங்கே எத்தனை வருஷம் குப்பை கொட்டியிருந்தாலும் மறுநாள் காலை அவள் புதிதாகச் சேர்ந்தவள், சம்பளம் மறுபடி அடிமட்டம். அவளிடம் பாடம் நடத்தக் கற்றுக்கொண்டு போன பிள்ளைகள் பள்ளிக்கூடங்களில் நிரந்தர வேலையில் உட்கார்ந்துகொண்டு, கடைத்தெருவில் பார்த்தால் "இன்னும் அங்கேதானா மேடம்?" என்று பாசமாகக் கேட்பார்கள். பாசத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

வீட்டில் அந்த நாளை வேடிக்கையாக்கி வைத்திருந்தார்கள். கணவனுக்குத் தையற்கடை, வாய் கொஞ்சம் நீளம்.

"வேலையில்லாதவங்க எல்லாம் வெயில் ஏறுற வரைக்கும் தூங்குறாங்கப்பா. கொடுத்து வெச்சவங்க," என்று டீயை நீட்டினான்.

"உங்க வாயை அளக்கணும்னா கடையில இருக்கற டேப் பத்தாது," என்றாள் அவள். பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகளுக்குச் சிரிப்பில் புரையேறியது.

அப்போதுதான் கல்லூரி முதல்வர் போன் செய்தார்.

"அம்மா, ஒரு சின்னக் குழப்பம். கற்பித்தல் தேர்வை இன்னைக்குன்னு பார்த்து வெச்சுட்டாங்க. வெளியிலேர்ந்து தேர்வாளர் வந்து உட்கார்ந்திருக்காரு. கூட உட்கார்ந்து மார்க் போட பாட ஆசிரியர் வேணுமாம். சும்மா ஒரு எட்டு வந்துட்டுப் போயிடுங்களேன்."

"இன்னைக்கு நான் உங்க ஸ்டாஃப் இல்லையே சார்."

"அதெல்லாம் பேப்பர்லதாம்மா."

"சம்பளமும் அந்தப் பேப்பரைப் பார்த்துத்தானே சார் போடுறீங்க."

மறுமுனையில் இருமல் கேட்டது. அந்த மனிதருக்குப் பதில் தெரியாவிட்டால் இருமல் வந்துவிடும். போகாமலே இருந்துவிடலாம் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் தேர்வு நின்றால் பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் போச்சு. அதிலும் ஒருத்தி இருந்தாள், வகுப்புக்கு முன்னால் நின்றாலே குரல் காணாமல் போய்விடும் பெண். அவளைத் தட்டிக்கொடுத்து வாய் திறக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகியிருந்தது. உடை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

வாசலில் காவலாளி தலையைச் சொறிந்தார். "மேடம், உங்க பேரு இன்னைக்கு லிஸ்ட்ல இல்லையே. கோவிச்சுக்காதீங்க." பார்வையாளர் என்று எழுதிய அட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டிவிட்டார். அதோடு போய்த் தேர்வாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் அட்டையையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். நாகரிகமான மனிதர், மார்க் தாளை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பக்கத்துப் பள்ளியிலிருந்து வந்த குழந்தைகள் பெஞ்சுகளை நிறைத்திருந்தார்கள். அந்தப் பயந்தாங்கொள்ளிப் பெண்ணின் முறை வந்தது. மேசையில் ஒரு வாளித் தண்ணீர். மரக்கட்டையைப் போட்டாள், மிதந்தது. கல்லைப் போட்டாள், மூழ்கியது. ஏன் என்று கேட்டதும் முன்பெஞ்சுக் குட்டி ஒன்று எழுந்து, "கல்லு சோம்பேறி டீச்சர், நீச்சல் கத்துக்கல," என்றது. வகுப்பே கொல்லென்று சிரித்தது. பெண் வாளிக்குள் கிடந்த கல்லைப் பார்த்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

"சரி," என்றாள் அந்தப் பெண் மெதுவாக. "அப்போ சோம்பேறி இல்லாத கல்லு ஏதாவது இருக்கான்னு வெளியில போய்ப் பார்த்து எடுத்துட்டு வாங்க."

குழந்தைகள் முற்றத்துக்கு ஓடின. கை நிறையக் கற்களோடு வந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, எதுவும் மிதக்காமல், கடைசியில் தங்களுக்குள்ளேயே சண்டை போட்டு, அதே அளவு தண்ணீரைவிடக் கல் கனம் என்ற விஷயத்தைக் கண்டுபிடித்தன. அந்தப் பெண்ணின் குரல் சுவர் வரைக்கும் கேட்டது. இவளுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது, குனிந்து மார்க் போடுவதுபோல் சமாளித்தாள்.

எல்லோரும் முடித்ததும் முதல்வர் அறையில் தேர்வாளர் மார்க் தாளை விரித்தார். "ரெண்டு கையெழுத்து வேணும். பாட ஆசிரியர் ஒண்ணு, முதல்வர் ஒண்ணு. இன்னைக்குத் தேதியோட."

முதல்வர் அவளை ஜன்னல் ஓரமாக அழைத்துப் போனார். "நாளைத் தேதி போட்டுடுங்கம்மா."

"இன்னைக்கு நடந்த தேர்வுக்கா? பிள்ளைங்க மார்க் செல்லாதுன்னுடுவாங்க சார்."

"இன்னைக்குத் தேதி போட்டா நீங்க இன்னைக்கு வேலையில இருந்ததா ஆயிடும். பிரேக் காலி, உங்க சர்வீஸ் விட்டுப்போகாம தொடர்ந்துடும். நிர்வாகம் என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடும்."

"இருந்தேன்தானே சார்."

சொன்னவள் கண் மேசைக்குப் போனது. அவளுடைய புது ஒப்பந்தம் அதே மேசையில், இன்னும் அவள் கைக்கு வராமல் கிடந்தது. இந்தக் கையெழுத்தைப் போட்டால் நாளைக்கு அது கிழிந்துபோகலாம். ஆனால் கல்லைத் தேடிக்கொண்டு ஓடிய அத்தனை குழந்தைகளும் அவளை அங்கே பார்த்திருக்கின்றன. நான் வரவே இல்லை என்று தன் கையாலேயே எழுத அவளுக்கு மனசு வரவில்லை. மேசைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு, இன்றைய தேதியையும் எழுதினாள்.

முதல்வர் பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். இருமினார்.

"உங்களுக்கு என்ன சார் தயக்கம்? நீங்க நிரந்தரம்தானே," என்றாள் அவள்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். பார்வையாளர். "எனக்கும் இன்னைக்குத்தாம்மா பிரேக். வந்த வருஷத்துலேர்ந்தே."

வருஷா வருஷம் எல்லோருக்கும் ஒப்பந்தத்தை விறைப்பாக நீட்டுகிற மனிதர். அவளுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது, பின்னாலேயே பாவமாகவும் இருந்தது.

"சீக்கிரம் சார்," என்றார் தேர்வாளர். "நானும் தினப்படி ஆளுதான். தேதி இல்லைன்னா எனக்கு இன்னைக்கு ஒண்ணும் கிடையாது."

இப்போது மூன்று பேருமே சிரித்தார்கள். முதல்வர்தான் முதலில் நிறுத்தினார். "நாளைக்கு நம்ம ரெண்டு பேரையும் வீட்டுக்குப் போன்னு சொல்லிட்டா?"

"சொல்லட்டும் சார். எழுத்துல சொல்லட்டும். வேலையில இருந்தவங்களைத்தானே நிறுத்த முடியும். அப்படி எழுதினா, நாம இன்னைக்கு வேலையில இருந்தோம்னு அவங்களே ஒத்துக்கிட்ட மாதிரி."

முதல்வர் நாற்காலியை இழுத்துப் போட்டு நன்றாக உட்கார்ந்து கையெழுத்தைப் போட்டார். பக்கத்தில் அன்றைய தேதியை எழுதி, அதற்குக் கீழே ஒரு கோடும் போட்டார்.