பாட்டில் தூளில் பூசிய வீடு

பழைய பாட்டில் வியாபாரியின் புது வீடு, பூச்சு வேலை முடிந்த பதினோராம் நாள் காலை பத்தரை மணிக்குத் தள்ளாட ஆரம்பித்தது. இடிந்து விழப்போகிற ஆட்டமில்லை. நாலு நண்பர்கள் தோளில் கை போட்டுக்கொண்டு ஆடுவார்களே, அந்த ஆட்டம்.

கட்டியவள் அவன் மனைவியின் அக்கா, கைதேர்ந்த கொத்தனார். மணல் கிடைக்காமல் வேலை ஒரு வருஷமாக நின்றிருந்தது. தங்கைக்கு ஏழாம் மாதம். மாமியாரின் ஓரறை வீட்டில் மூச்சு முட்டுகிறது என்று அவள் அழுததைக் கேட்ட அக்கா, வியாபாரியின் கொல்லையில் மலையாகக் கிடந்த மதுபாட்டில்களை உடைத்து, மாவாக அரைத்து, சலித்து, மணலுக்குப் பதிலாகச் சிமெண்டில் குழைத்துவிட்டாள். கையைக் கிழிக்குமே என்று வியாபாரி பயந்தான். ஒரு பிடி அள்ளி அவன் உள்ளங்கையில் தேய்த்தாள். கீறல் விழவில்லை, அவனுக்குக் கிச்சுக்கிச்சுதான் மூட்டியது. பாட்டில்களைக் கழுவ மட்டும் மறந்திருந்தாள்.

சுவரில் சாய்ந்தவர்களுக்குத் தலை லேசாகச் சுற்றி மனசு இளகியது. பத்து வருஷம் பேசாதிருந்த பக்கத்து வீட்டு அண்ணன் தம்பி, அதில் சாய்ந்து நின்று மாறி மாறி மன்னிப்புக் கேட்டார்கள். மாமியார் மட்டும் குடிகார வீட்டுக்குள் கால் வைக்க மாட்டேன், அதை இடித்துவிடுங்கள் என்று நகராட்சிக்கு மனுப் போட்டாள்.

இடிக்கிற உத்தரவைப் பையில் வைத்துக்கொண்டு பொறியாளர் வந்தார். அக்காவின் முகம் செத்துப்போனது.

“சுவர்ல குறை இருந்தா, இனிமே கரண்டியத் தொடமாட்டேன் சார்.”

அவர் தட்டினார், சுத்தியல்தான் பிளந்தது. காதை வைத்துக் கேட்டார். பிறகு முதுகைச் சாய்த்து உட்கார்ந்தவர், மதியம்வரை தன் கல்யாணக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய அறிக்கை இன்றும் அலுவலகத்தில் இருக்கிறது: ‘கட்டடம் உறுதி. நடத்தைதான் கொஞ்சம் சரியில்லை.’

தங்கைக்கு வலி கண்ட அன்று மாமியார் வேறு வழியில்லாமல் ஓடிவந்தாள். ஆடுகிற வீட்டில் விழாமலிருக்கச் சுவரைப் பிடித்தவள், அப்படியே மருமகளின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“உன்னை ரொம்பப் படுத்திட்டேன்ல?”

“ஆமா அத்தை” என்றாள் மருமகள், வலியோடு சிரித்தபடி. பெண் குழந்தை சிரித்துக்கொண்டே பிறந்தது. மாமியார் அதற்குப்பின் அந்த வீட்டை விட்டு நகரவேயில்லை.

மூன்று வருஷம் கழித்து, இடம் போதாமல் மாடியில் ஓர் அறை போட்டார்கள். தங்கை கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் அக்கா இம்முறை சோடா பாட்டில்களை மட்டும் அரைத்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாடியறை பெரிதாக ஓர் ஏப்பம் விடும். கீழே யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.