சூடாவதற்குள்

1

இவள் இப்போது கேட்கப் போகிறாள். கேட்பதற்குள் ஏதாவது சொல்லிச் சமாளிக்க வேண்டும்.

பழைய கணினிகளைப் பழுது பார்க்கும் ஒருத்தியின் மனதுக்குள் ஓடுவது இது. எதிரே ஸ்டூலில் அவளுடைய அக்கா. மேசைமேல், இறந்துபோன அத்தானின் கணினி. என் பழைய கணினியைத் தூக்கிக்கொண்டு ஒரு பட்டறையில் காத்திருந்தபோது கிடைத்த கதை. அங்கே அக்கா கிடையாது. அக்காவைக் கொண்டுவந்தவள் நான்.

2

முதலில் எழுதியது: 'பவர் சப்ளையைத் தனியே கழற்றி மீட்டர் வைத்தாள். முள் அசையவில்லை. "செத்துப்போச்சுக்கா" என்று...'

அடித்துவிட்டேன். அந்தத் தப்பை நான் செய்வேன், அவள் செய்யமாட்டாள். இந்த வகை சப்ளை, மின்சாரத்தை இழுக்க ஒரு லோடு இல்லாவிட்டால் விழித்துக்கொள்ளவே விழிக்காது. அவள் ஒரு கார் பல்பை மாட்டினாள். பல்ப் எரிந்தது. மீட்டரில் சுத்தமாக ஐந்து வோல்ட்.

(மனிதர்களும் அப்படித்தான் என்று ஒரு வரி வந்தது. அதையும் அடித்தேன்.)

3

"எரியுதுடி! அப்புறம் என்ன, உள்ள மாட்டு."

"பொறுக்கா. சூடாகட்டும்."

"இஸ்திரிப் பெட்டியா இது, சூடாகறதுக்கு?"

சூடானது. மீட்டர் ஏறியது. ஐந்து, ஐந்தரை, ஏழு. ஐந்தில் நிற்க வேண்டியது, ஏழு வோல்ட் போனால் ஹார்டு டிஸ்க் கருகிவிடும். அதில் அத்தானே எழுதிய சதுரங்க விளையாட்டு இருக்கிறது. வேறெங்கும் பிரதி இல்லை. அவர் ஆஸ்பத்திரிக்குப் போன காலையில் அக்காவோடு ஆடிய ஆட்டம் அதில் பாதியில் நிற்கிறது.

"இந்தப் பழசுக்கு வேற சப்ளை பொருந்தாது. எந்தப் பார்ட்டு கெட்டிருக்குன்னு தேடணும்க்கா. நாளாகும்."

"நாளாகுமா? டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும்ல. இப்பவே பேரெல்லாம் மறக்குது. அடுத்த மாசம் குதிரை எப்படிப் போகும்னு எனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ."

4

முடிவு ஒன்று: பார்ட் கிடைக்கிறது, எல்லாம் சுபம். எழுதும்போதே கொட்டாவி வந்தது.

முடிவு இரண்டு: துணிந்து போட்டுவிடுகிறாள். திரையில் கட்டங்கள் விரிகின்றன. அக்கா முன்னால் சாய்ந்து, "அடப்பாவி மனுஷா, ராணிய இங்கயா வச்சே..."

எனக்கு இதுதான் வேண்டும். உங்களுக்கும் இதுதான் வேண்டும், மறைக்காதீர்கள்.

"முதல்ல அஞ்சுதானே இருந்துச்சு? ஆறவிட்டுப் போடு. சூடாகறதுக்குள்ள பாத்துட்டு அணைச்சிடலாம். ஒரே ஒரு தடவைடி."

அக்காவின் கணக்கில் பிழை இல்லை. அதுதான் கஷ்டம். நானும் வாக்கியத்தை வளைத்து, தங்கையின் கையைச் சுவிட்சுப் பக்கம் நகர்த்திப் பார்த்தேன். கை வந்தது, சுவிட்சைத் தாண்டிப் போய்ப் பிளக்கைப் பிடுங்கியது. ஒயரைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேண்டாம்க்கா. கருகிட்டா திரும்ப வராது."