பலகையை எடுத்த பிறகு

வானொலி நிலையத்து ஸ்டூடியோவில் தம்பியின் டிரம்ஸைச் சுற்றி, ஆள் உயரத்துக்குப் பஞ்சு வைத்த பலகைகளை நிறுத்தினார் ஒலிப்பதிவாளர். டிரம்ஸ் சத்தம் மற்ற மைக்குகளில் புகுந்து கெடுக்கக் கூடாதாம். எல்லாரும் சேர்ந்து ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். வாசித்தது வாசித்ததுதான், பிறகு ஒட்டுப்போட முடியாது. தம்பி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பலகைகள் நின்ற பிறகுதான் ஆர்கன் வாசிக்கும் அக்கா கண்ணில் படவே மாட்டாள் என்பது உறைத்தது.

அங்கேதான் வந்தது வினை. அக்காவும் தம்பியும் வாசிக்கும் அந்த ராக் குழுவில் யாரும் தாளத்தை எண்ணிப் பழகியதே இல்லை. வீட்டு கார் ஷெட்டில் எதிரெதிரே உட்கார்ந்து உருவாக்கிய பாட்டு அது. பாட்டு என்றா சொன்னேன்? அடுப்பில் சோறு வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தால், பாட்டு முடிவதற்குள் சோறு குழைந்துபோகும், அவ்வளவு நீளம். நடுவில் மற்றவர்கள் ஓய்ந்துவிட, அக்கா ஆர்கனில் தனியாக அலைவாள். ஒரு நாள் சீக்கிரம் திரும்புவாள், ஒரு நாள் திரும்பவே மாட்டாள் போலிருக்கும். அவள் இடது தோள் இறங்கினால் தம்பி உள்ளே நுழைய வேண்டும். அதற்குப் பிறகுதான் அவள் விரல்கள் பறக்கும், பாட்டின் உயிரே அந்த இடம்தான். சின்ன வயதிலிருந்து அவளிடம் குட்டும் முத்தமும் வாங்கி வளர்ந்தவனுக்கு அந்தத் தோள் அத்துப்படி.

பலகைக்குள் அவனுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. முதல் தடவை முந்தினான். அடுத்த தடவை பிந்தினான். அப்புறம் குச்சியைத் தூக்கியபடி அப்படியே உறைந்துபோனான். டிரம்ஸ்காரனுக்கே கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்றால் பாட்டு எப்படி ஓடும்? பலகையைக் குறை சொல்லவும் வெட்கம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள்.

தயாரிப்பாளர் கண்ணாடி அறையிலிருந்து வந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஒலிபரப்ப உருப்படியாக ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

"நம்ம நிலையத்து டிரம்மர் சும்மாதான் இருக்கார். அவரை வாசிக்கச் சொல்லலாமா?" என்று அக்காவிடம் கேட்டார்.

தம்பிக்குத் தன் இடம் போகிறது என்று புரிந்தது. வானொலியில் வாசிப்பவர்கள்தான் குழு என்று ஊர் நினைக்கும். நாளைக்கு மேடைக்குக் கூப்பிடுபவர்களும் அந்த ஆளைத்தான் கேட்பார்கள்.

நிலையத்து டிரம்மர் வந்தார். "எவ்வளவு நேரம் தனியா வாசிப்பீங்கம்மா? கணக்கு சொன்னா போதும், சரியா உள்ள வந்துடறேன்."

அக்கா குத்துமதிப்பாக ஒரு கணக்குச் சொன்னாள். வாசித்தார்கள். இம்மி பிசகவில்லை. தம்பி கண்ணாடி அறையில் நின்று கேட்டான். தங்கள் பாட்டை வெளியிலிருந்து அவன் கேட்பது அதுதான் முதல் தடவை. இவ்வளவு அழகான பாட்டா என்று பூரித்தான். நான் இல்லாமலே அழகாக இருக்கிறதே என்று அடுத்த நொடியே சுருங்கினான்.

"அவரே வாசிக்கட்டும்க்கா," என்றான் உள்ளே போய். "நல்லாத்தான் இருக்கு. என்னால உன் பாட்டு கெட வேணாம்."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எண்ணிக்கிட்டே வாசிச்சேன்டா. மனசுல ஒண்ணுமே தோணல." அக்கா ஒலிப்பதிவாளரிடம் திரும்பினாள். "அந்தப் பலகையெல்லாம் எடுத்துடுங்க. அவன் என் எதிர்ல உக்காரட்டும்."

"எடுத்தா டிரம்ஸ் மொத்தமும் உங்க மைக்ல வந்து கொட்டும்மா. தம்பி அடிக்க ஆரம்பிச்சா நீங்க வாசிக்கறது யாருக்கும் கேக்காது."

"பரவாயில்லைங்க."

பலகைகள் போயின. தோள் இறங்கியது. தம்பி நுழைந்தான். அக்காவின் விரல்கள் அன்றைக்குப் பறந்த மாதிரி ஷெட்டில்கூட ஒருநாளும் பறந்ததில்லை. எதிரே இருந்து அவன் பார்த்துக்கொண்டே அடித்தான்.

அடுத்த வாரம் ஒலிபரப்பானது. வீட்டில் அம்மா வேலையைப் போட்டுவிட்டு வந்து கேட்டாள்.

"நடுவுல இவன் அடிதான் இடி மாதிரி கேக்குது. நீ எங்கடி போன?"

"எங்கயும் போகலம்மா. இவன் எதிர்லதான் இருந்தேன்," என்று அக்கா சிரித்தாள்.

தம்பி எழுந்துபோய் வானொலியின் சத்தத்தைக் கூட்டினான். கூட்டக் கூட்ட அவன் அடிதான் கூடியது.