இடது காலில் இரண்டாவது துளை

உக்ரைனின் டான்பாஸ் போர்முனைக்குப் பின்னால், காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை நடக்கும் அந்த நிலவறையில் செனோவி டாக்டரின் வாய்க்குப் பயப்படாத ஆளே கிடையாது. போருக்கு முன் அவர் பல் டாக்டர். எலும்பில் ஊசி இறக்கும் சின்னத் துளைக்கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு, "எங்க, வாயைத் திறங்க பாப்போம்" என்று காயம்பட்டவனைக்கூடச் சிரிக்க வைத்துவிடுவார். கூட வேலை செய்கிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். போன வாரம் ஒருவன் ஊசியைத் தப்பாக இறக்கி மறுபடி துளைத்ததற்கு, "இது ஆளுப்பா, சல்லடை இல்ல" என்றார். அன்றிலிருந்து அவன் பெயரே சல்லடை. போர்முனையில் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது.

அன்று காலை பதுங்குகுழியில் முதலுதவி பார்க்கும் போஹ்தானாவின் கண்முன் நின்றது அந்தப் பெயர்தான். லெவ்கோ என்கிற சிப்பாய்க்கு ரத்தம் ஏகமாகப் போய், நரம்பெல்லாம் ஒட்டிக் கிடந்தது. எலும்பு வழியாகத்தான் மருந்தோ ரத்தமோ ஏற்ற முடியும். அவள் இடது முழங்காலுக்குக் கீழே இறக்கிய ஊசி, எலும்பைத் தாண்டி மறுபக்கம் போய்விட்டது. அதைப் பிடுங்கிவிட்டுத் தோளில் இன்னொன்று இறக்கினாள். அதில் மருந்து நன்றாகவே ஏறியது.

துளைத்துத் தவறிய எலும்பின்மேல் கறுப்பு மையால் பெருக்கல் குறி போட வேண்டும். அதில் மறுபடி யாரும் கைவைக்கக் கூடாது. போஹ்தானா பேனா மூடியைக்கூடக் கழற்றினாள். குறியைப் பார்த்தால் டாக்டர் என்ன சொல்வார் என்று நினைத்தாள். தோளில்தான் ஓடுகிறதே என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு, மற்றக் கீறல்களைப் போலவே அதன்மேலும் கட்டுப் போட்டு மறைத்தாள்.

நிலவறை வாசலில், போஹ்தானாவும் கூட வந்த வண்டியிலிருந்து ஆட்கள் அவசரமாக இறக்கும்போது லெவ்கோவின் கையைத் தலைக்குமேல் தூக்கிவிட்டார்கள். தோள் ஊசி கழன்று விழுந்தது. மறுதோள் சிதறியிருந்தது, வலது கால் முழங்காலுக்கு மேலேயே போயிருந்தது. டாக்டர் இடது காலின் கட்டை ஒதுக்கிவிட்டுக் கருவியை வைத்தார்.

லெவ்கோ கண்ணைத் திறந்தான். "அங்க ஏற்கெனவே ஒரு ஓட்டை இருக்கு, டாக்டர்."

"என்ன சொல்றான் இவன்?" டாக்டர் போஹ்தானாவைப் பார்த்தார்.

"உளர்றான், டாக்டர்."

சொன்ன வாய் கூசியது. அதற்குள் ஊசி இறங்கிவிட்டது. ரத்தப் பையை அழுத்தினார்கள். ஏறுவதில் பாதி பழைய துளை வழியாகக் கெண்டைச் சதைக்குள் கசியும், சதை இறுகிக் கால் செத்துப்போகும் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு கால்தான். தெரிந்தும் வாய் வரவில்லை. லெவ்கோவின் கண் மறுபடி செருகியது. அவள் கெண்டையைத் தொட்டுப் பார்த்தாள். கல்லாகிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க, டாக்டர். அவன் உளறல. காலைல நான் அங்கதான் துளைச்சேன், தப்பிப்போச்சு. குறி போடல."

டாக்டர் ஊசியை உருவி மார்பெலும்பில் புதிதாக ஒன்றை இறக்கினார். ரத்தம் ஏறத் தொடங்கியதும், இறுக்கம் தளரக் கெண்டையை நீளவாக்கில் கீறித் திறந்தார். விளக்கைப் பிடித்திருந்த போஹ்தானா திட்டுக்காகக் காத்திருந்தாள். விளக்கை ஆட்டாதே என்றதைத் தவிர அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சல்லடை என்று ஊர் முழுக்கக் கூப்பிட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. லெவ்கோ பிழைத்துவிட்டான். கால் தங்குமா என்பதை நகரத்து ஆஸ்பத்திரியில்தான் சொல்வார்கள்.

ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றும்போது லெவ்கோவுக்கு நினைவு திரும்பியிருந்தது. நல்ல கையால் அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டான்.

"மன்னிச்சுக்கங்கக்கா. ரத்தம் போனதுல டாக்டர்கிட்ட ஏதேதோ உளறிட்டேன் போல. உசுரக் காப்பாத்துன உங்களையே மாட்டிவிடப் பாத்துருக்கேன்."

டிரைவர் கதவைச் சாத்தக் காத்து நின்றான். இப்படியே போகட்டும் என்று ஒரு கணம் அவளுக்கு ஆசையாகக்கூட இருந்தது. அந்த ஆசைதான் அவளை அதிகம் வெட்கப்படுத்தியது.

"நீ உளறலடா," என்றாள். "நான்தான் பொய் சொன்னேன்."

லெவ்கோ அவளைப் பார்த்தான். பிறகு கட்டுப்போட்ட காலைப் பார்த்தான். அவள் விரல்களை விட்டுவிட்டான்.