கிளம்புகிறவனைக் கேட்ட கேள்வி

முத்துராஜுக்குத் தோள்பட்டை ரெண்டும் கழன்று விழுந்துவிடும்போல் வலித்தது. விடியலிலிருந்து சேற்றில் கழி ஊன்றிப் படகு தள்ளியவனுக்கு, வீட்டுக்கு வந்து பாயில் குப்புற விழுந்தால் போதும் என்றிருந்தது. பெண்டாட்டி அர்ச்சனா விடவில்லை.

"குப்புறப் படுக்காதய்யா. மல்லாந்து படு. நீ இப்போ தாத்தா."

"எனக்கு முப்பது வயசுதான்டி ஆவுது."

"ஜப்பான் தாத்தா. பக்கவாதம் வந்த தாத்தா. எடது கை வராது உனக்கு."

"ரெண்டு கையுந்தான் வரல."

அவள் அவன் முதுகுக்கு அடியில் கை கொடுத்து, "ஒகோஷிமாஸ் நே" என்றாள். எழுப்பப் போகிறேன் என்று அர்த்தம். சொல்லாமல் ஆளைத் தொடக் கூடாது என்பது அவள் வகுப்பில் முதல் பாடம்.

"ஹாய்" என்றான் முத்துராஜ். சரி என்பதற்கு அதுதான் சொல்.

தூக்கி உட்கார வைத்துவிட்டு, "இதாய் தெஸ் கா?" என்றாள். வலிக்குதா?

"ஹாய்! ஹாய்!" என்று நிஜமாகவே கத்தினான். அர்ச்சனா சிரித்துக்கொண்டே தைல பாட்டிலை எடுத்தாள். தேய்க்கும்போதும் ஜப்பான் பேச்சுதான்.

வகுப்பு பொன்னேரியில், ஒரு மருந்துக்கடை மாடியில். நடத்துகிற பிலோமினா ஜப்பானில் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். புத்தகத்தைப் பிரிப்பதே அபூர்வம். குளிப்பாட்டு, ஊட்டு, செருப்பு மாட்டிவிடு. அதுக்கு என்ன பேச்சு வேணுமோ கேளு, தர்றேன் என்பாள். வீட்டுப்பாடமும் அப்படித்தான். யாரையாவது வைத்து ஒரு வேலையைச் செய்து, பேச்சோடு போனில் பிடித்து வர வேண்டும். அர்ச்சனா காலையில் பழவேற்காடு மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு மத்தியானம் பஸ் ஏறுவாள். ஏரியை மட்டும் நம்பினால் வீடு ஓடாது என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி முடித்தாகிவிட்டது. ஜப்பானுக்குப் போவது அவள், ஊரில் இருப்பது இவன். அதனால் தினமும் தாத்தாவாகப் படுத்தான். படுத்துப் படுத்து அவனுக்கும் பாதி பாஷை வந்துவிட்டது.

அந்த வாரம் பிலோமினா கொடுத்த வேலை வேறு மாதிரி. இல்லத்தில் இருக்கும் வயசானவர்கள் திடீரென்று பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போவார்களாம். எங்கே போறீங்க என்று கேட்கத் தெரிய வேண்டும். "நடிக்கக் கூடாது. நிஜமாவே கிளம்புற ஆளைக் கேக்கணும். அவர் நிஜமான பதில் சொல்லணும்."

அவர்கள் ஊரான கோட்டைக்குப்பத்தில் ஜப்பான் பேச்சில் பதில் சொல்லக்கூடியவன் ஒருத்தன்தான். அவன் கிளம்பிப் போகிற இடமும் ஒன்றுதான், ஏரி.

தொழிலுக்குக் கிளம்புகிறவனை எங்கே போறே என்று கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் வலையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். அர்ச்சனா பிறந்ததே மீனவர் வீட்டில், அவளுக்கு இது தெரியாமல் இல்லை. தமிழில் கேட்டால்தானே தப்பு என்று நினைத்துவிட்டாள்.

அன்றைக்கு முத்துராஜின் குழுவுக்குப் பாடு. பாடு என்றால் முறை. இறால் ஓடுகிற இடத்தில் இன்றைக்கு இந்தக் குழு, நாளைக்கு அந்தக் குழு என்று சீட்டுப் போட்டு வைத்திருப்பது. விட்டால் விட்டதுதான், மறுபடி சுற்றி வரக் காத்துக் கிடக்க வேண்டும். அதுவும் அமாவாசையை ஒட்டி வந்த பாடு, இறால் நன்றாக விழும். சாயங்காலம் முத்துராஜின் சித்தப்பா திருவேங்கடமும் கூட்டாளி பிரபாகரனும் கழிகளோடு முன்னால் போக, முத்துராஜ் வலையைத் தோளில் போட்டு வாசலைத் தாண்டினான்.

அர்ச்சனா போனைப் பிடித்துக்கொண்டு, "தொகோ எ இகிமாஸ் கா?" என்றாள்.

"மிசுஉமி எ இகிமாஸ்!" என்றான் திரும்பி, பல்லெல்லாம் தெரிய. ஏரிக்குப் போறேன். சொல்லி முடித்த பிறகுதான் சிரிப்பு நின்றது. அர்ச்சனாவின் கை வாய்க்குப் போனது.

"இன்னாடா கேட்டா அவ?" என்றார் திருவேங்கடம்.

சோறு எடுத்துக்கினியான்னு கேட்டா என்று சொல்லியிருக்கலாம். தண்ணிக்குப் போகும்போது பொய் வரவில்லை. "எங்க போறன்னு கேட்டா, சித்தப்பா."

திருவேங்கடம் கழியைக் கீழே போட்டார்.

"ஜப்பான்ல கேட்டா இன்னாப்பா?" என்றான் பிரபாகரன். "ஏரிக்கு ஜப்பான் தெரியுமா?"

"ஏரிக்குத் தெரியாது. இவனுக்குத் தெரிஞ்சிபோச்சே! பதில் வேற சொல்றான் கம்னாட்டி."

திரும்பிவிட்டார்கள். போகிறபோது திருவேங்கடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனார்: "அந்தக் கிளாஸ் நின்னாத்தான் இவன் கூட நான் வலை புடிப்பேன்." அவர் இல்லாமல் குழு இல்லை. குழு இல்லாமல் பாடு இல்லை.

முத்துராஜ் வலையை வீட்டு மூலையில் போட்டான். போட்டுவிட்டு, "நீ இவ்ளோ நல்லா சொல்லிக்குடுத்திருக்கக் கூடாதுடி" என்றான்.

"நான் நின்னுடறேன்."

"நின்னா நான் தாத்தாவா படுத்தது வீணா? இடுப்ப ஒடிச்சியே, அதுக்கு யார் பதில் சொல்றது?"

மறுநாள் அர்ச்சனா நின்றுகொள்கிறேன் என்று சொல்லத்தான் பொன்னேரிக்குப் போனாள். பிலோமினா போனில் பிடித்ததைக் கேட்டாள். அந்த "மிசுஉமி"க்குச் சிரித்தாள். அதற்குப் பிறகு திருவேங்கடம் குரல் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"நான் இதை யோசிக்கலம்மா. உன் வீட்ல குடுக்கக் கூடாத வேலையக் குடுத்துட்டேன்." போனைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "அங்க வீட்ட விட்டுக் கிளம்புறவங்க 'இத்தேகிமாஸ்'னுவாங்க. போய்ட்டு வரேன். இருக்கறவங்க 'இத்தேராஷாய்'னுவாங்க. போய்ட்டு வா."

"நாம சொல்றதுதானே மிஸ் அது?"

"நாம சொல்றதுதான். வேலைய மாத்திக்கோ. கேக்காத, அனுப்பி வை. ஆனா உங்க மாமா சம்மதிச்சா மட்டும்."

அர்ச்சனா நேராகத் திருவேங்கடம் வீட்டுக்குப் போனாள். போனைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். அவர் வலையில் சிக்கிய குப்பையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. அவர் மனைவி கஸ்தூரியம்மாள்தான், "உக்காரு மருமவளே" என்றாள்.

அர்ச்சனா உட்கார்ந்து வலையின் ஒரு பக்கத்தைக் கையில் எடுத்துப் பிய்க்க ஆரம்பித்தாள். பிய்த்துக்கொண்டே சொன்னாள், எல்லாவற்றையும்.

"அப்போ அந்த ஊர்ல கிளம்புறவன எங்க போறன்னு கேக்க மாட்டானுங்களா?" என்றார் திருவேங்கடம்.

ஆமாம் என்று சொன்னால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். "கேப்பாங்க மாமா. இப்படியும் சொல்லி அனுப்புவாங்க."

"கேப்பாங்களா! இன்னா ஊரோ." கொஞ்ச நேரம் குப்பையைப் பிய்த்தார். "அது இன்னாது, இத்தே?"

"இத்தேராஷாய்."

"கடிச்சித் துப்புற மாதிரி இருக்குது."

"சொன்னா சொல்லட்டும்" என்றாள் கஸ்தூரியம்மாள் உள்ளேயிருந்து. "போய்ட்டு வான்னுதானே சொல்றா. நானுந்தான் தெனம் சொல்றேன், நீ ஒரு நாளாவது பதில் சொல்லிக்கிறியா?"

அடுத்த பாடு வந்தபோது திருவேங்கடம் அர்ச்சனாவின் வாசலில் நின்று விரலை நீட்டினார். "அந்த ஒண்ணுதான். வேற ஒரு வார்த்த வந்துச்சி, அவ்ளோதான்."

"இத்தேராஷாய்" என்றாள் அர்ச்சனா.

"இத்தேகிமாஸ்" என்றான் முத்துராஜ். பிரபாகரனும் எதையோ உளறினான். திருவேங்கடம் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தார்.

காலையில் வந்த இறால் சுமார்தான். அமாவாசை போய் நாளாகியிருந்தது. அந்தச் சொல்லால்தான் என்று யாரும் சொல்லவில்லை. அர்ச்சனா கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கிளாஸுக்குப் போ" என்றார் திருவேங்கடம் கூடையில் கொட்டிக்கொண்டே. "ஜப்பானுக்குப் போ. இவன நாங்க பாத்துக்கறோம். ஆனா அமாவாச பாடு ஒண்ணு கெட்டுது பாரு, அத நான் மறக்க மாட்டேன்."

"எப்படி மாமா திருப்பிக் குடுக்கறது அத?"

"எனக்கு இன்னா தெரியும்? குடுக்க வேண்டியவ நீ."

முத்துராஜ் சிரித்தான். அர்ச்சனா சிரிக்கவில்லை. கணக்கு சரிதான். திருவேங்கடத்துக்கும் பிரபாகரனுக்கும் அவள் ஒரு அமாவாசைப் பாடு பாக்கி.