நூற்று அறுபது கிலோமீட்டருக்கு ஒரு சைக்கிள்

என் மனைவியின் அண்ணன் மூக்குக் கண்ணாடிக் கடையில் முப்பது வருடம் லென்ஸ் தேய்த்தவர். வேலையை விட்ட அன்றே சொல்லிவிட்டார்: "மக வீட்டுக்கு இனிமே சைக்கிள்லதான் போவேன்."

நூற்று அறுபது கிலோமீட்டர். சைக்கிளுக்கு வயது நாற்பதுக்கு மேல். இரும்புச் சட்டம், கடாக் கொம்பு போல வளைந்த ஹேண்டில்பார். கல்யாணத்துக்கு முன் அதில் பந்தயம் ஓடியிருக்கிறார். நான் லிஃப்ட் மெக்கானிக். சொந்தத்தில் ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் அதைத் தயார்செய்யும் வேலை என் தலையில் விழுந்தது.

முதல் ஞாயிறு முப்பது கிலோமீட்டர் போய் வந்தார். இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஹேண்டில்பாரை மூன்று விரல் உயர்த்தினேன். சீட்டை மாற்றினேன். சட்டம் இடம் கொடுத்த அளவுக்கு அகலமான டயர் போட்டு, காற்றையும் கொஞ்சம் குறைத்தேன். அடுத்த ஞாயிறு இடுப்பு வலி போயே போச்சு.

"கைதான் மரத்துப் போகுது மாப்ள."

ஹேண்டில்பாரில் இரண்டு சுற்று டேப் சுற்றினேன். அப்புறம் டேப்புக்கு அடியில் ஸ்பாஞ்ச் வைத்தேன். மரத்துப்போவது நிற்கவில்லை. ஒருநாள் ஹெல்மெட் வாரை மாட்ட முடியாமல் என் முன்னால் வந்து தாடையை உயர்த்திக்கொண்டு நின்றார். மாட்டிவிட்டேன். அன்றைக்கே இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் புதரில் போய் விழுந்தார். பிரேக்கில் ஒரு கோளாறும் இல்லை.

நரம்பு டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "சைக்கிளால வந்ததில்ல. கையோட நிக்கவும் நிக்காது. நோய் பரவற வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், அவ்வளவுதான்."

மச்சான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும், "பிரேக்கை இன்னும் லேசாக்கிக் குடு" என்றார்.

கேபிளை மாற்றினேன். லீவரை மாற்றினேன். பிரயோஜனமில்லை என்று தெரிந்தே மாற்றினேன்.

"போக வேணாம்னு அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிடுங்களேன்" என்றாள் மனைவி.

"உன் அண்ணன்தானே, நீ சொல்லேன்."

பூனைக்கு மணி கட்ட இரண்டு பேருக்குமே தெம்பு இல்லை.

குறித்த நாளும் வந்தது. விடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். ஷூ லேஸ் அவிழ்ந்து தொங்க, வாசலில் தயாராக நின்றார். சைக்கிளைச் சாய்த்துப் பிடித்து அவரை ஏற்றிவிட்டேன். லீவர்மேல் விரல்களை வைத்து முன்னால் குனிந்தார்.

"அழுத்தறேனா மாப்ள?"

கிண்டல் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே கேட்கிறார். லீவர் இம்மியும் அசையவில்லை.

"இல்ல மச்சான்."

"சரி. இறக்கி விடு."

விஷயம் கேட்டு மகளே மத்தியானம் பஸ் பிடித்து வந்துவிட்டாள். கதவு தட்டும் சத்தம் கேட்டு நான் எழுவதற்குள் அவர் திறக்கப் போய்விட்டார். தாழ்ப்பாள் கடகடவென்று ஆடியதே ஒழிய விலகவில்லை. நான் பாதி எழுந்தவன் அப்படியே நின்றேன். போய்த் திறந்தால் அவர் என்னவாவார்? திறக்காவிட்டால் வெளியே நிற்கிறவள் என்னவாவாள்?

"அவசரமில்லப்பா, மெதுவா" என்றாள் அவள், கதவுக்கு அந்தப் பக்கமிருந்து.