கல்கா என்கிற சக்களத்தி

என் கணவருக்கு இரண்டு குரல்கள் உண்டு. "பால் வாங்கிட்டியா?" என்று கேட்கும் குரல் ஒன்று. புல்வெளியைப் பற்றிப் பேசும் குரல் இன்னொன்று. முதலாவது எனக்கு. கல்யாணமான புதிதில் அந்த இரண்டாவதும் எனக்குத்தான் இருந்தது. இப்போது அது மொத்தமாக மங்கோலியாவுக்குக் குடிபோய்விட்டது.

சீத்தாராமன் புவியியல் ஆய்வாளர். பாரிஸில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை. மங்கோலியாவின் கிழக்குக் கோடியில், சீன எல்லையை ஒட்டி, டோர்னோட் என்றொரு மாகாணம் இருக்கிறது. மரம் என்று ஒன்றைப் பார்ப்பதே அரிது. கண் போகிற தூரம் வரை புல், அதற்குப் பிறகும் புல். அதன் மேல்தான் மனுஷன் ஏழு வருடமாக உருகிக்கொண்டிருக்கிறார். கோடைக்குக் கோடை போய் முகம் கறுத்து, உதடு வெடித்து, மாப்பிள்ளைக் களையோடு திரும்பி வருவார். எனக்குப் பொறாமை. இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை. கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன் என்று சொல்லிவைத்தவர்கள், அந்தப் புருஷனே புல்லுக்குப் பின்னால் போனால் பெண்டாட்டி என்ன செய்வது என்று சொல்லிவைக்கவில்லை.

அவர் வீட்டில் புல்வெளிக் கதையை எடுத்தால் நான் மிக்ஸியைப் போட்டுவிடுவேன். அந்த ஊர் மலை, ஏரி, காற்று எல்லாம் என் சட்னியோடு அரைபட்டுப் போயின. நாளடைவில் அவரும் சொல்வதை விட்டுவிட்டார்.

எங்கள் வீடு லாச்சப்பல் மெத்ரோ நிலையத்துக்குப் பின்தெருவில், நாலாவது மாடியில். ஒரு சனிக்கிழமை மத்தியானம் முருங்கைக்காயும் கத்தரிக்காயுமாகப் படியேறி வந்து சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். உள்ளே அவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். எதிர்முனையில் நிதிஷ், துலூஸில் இருக்கும் அவருடைய பழைய சிநேகிதன். கதவு மெல்லிய கதவு.

"கல்காவைப் பத்தி உனக்குத் தெரியாதுடா. அவ ஒரே படுக்கையில இருக்கிறவ இல்ல, மாத்திக்கிட்டே இருப்பா. ரெண்டு வருஷம் பக்கத்துலயே இருந்தாதான் அவளைப் புரிஞ்சுக்க முடியும். செப்டம்பர்ல வர்றேன்னு சொல்லிட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை இங்க சங்கத்துல எல்லாருக்கும் அவளைக் காட்டப் போறேன்." கொஞ்சம் நிறுத்தினார். குரல் தாழ்ந்தது. "இல்லப்பா. கோமதிகிட்ட இன்னும் சொல்லல."

அத்தனையும் அந்த இரண்டாவது குரலில்.

முருங்கைக்காயோடு அப்படியே கீழே இறங்கினேன். தெருமுனையில் கலாவதி அக்காவின் அழகு நிலையம். யாழ்ப்பாணத்துக்காரர். புருவத்துக்கு நூல் போடுவதில் இந்த வட்டாரத்தில் அவரை அடிக்க ஆள் கிடையாது. மற்றவர்கள் வீட்டு விஷயத்தை வெளியே விடாமல் வைத்துக்கொள்வதிலும் அப்படித்தான். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, முழுவதையும் கேட்டார்.

"படுக்கையெண்டு வடிவாக் கேட்டனீங்களோ?"

இரண்டு காதாலும் கேட்டேன் என்றேன். அக்கா பெருமூச்சு விட்டார். "ஆரவள் கல்கா? இந்தியாப் பிள்ளையோ?"

டெல்லிப் பக்கத்துப் பெயர் போல இருக்கிறது என்றேன். சொல்லும்போதே அவள் உருவம் என் மனதில் ஏறிவிட்டது. ஒல்லி, உயரம், இஸ்திரி போட்ட கூந்தல். எந்தப் பெண்ணும் ஒரே படுக்கையில் இருக்கக் கூடாது என்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறவள். ஞாயிற்றுக்கிழமை வரை வாயைத் திறக்காமல் இருங்கள், கையும் களவுமாகப் பிடிப்போம் என்று அக்கா சொன்னார். அது எனக்கும் சரியென்று பட்டது. இப்போதே கேட்டால் அவர் பொய் சொல்வார், சொன்னால் நான் நம்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

அந்த வாரம் முழுக்க நான் நெருப்பின் மேல் நின்றேன். அவருடைய நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் போன கோடைப் பயணத்தின் படங்கள் இருந்தன. ஒன்றில் குதிரையின் பக்கத்தில், நீண்ட பொன்னிறக் கூந்தல் காற்றில் பறக்க, முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி. என் கணவர் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடுத்த படத்தில் அவள் திரும்பியிருந்தாள். தாடி இருந்தது. அவருடன் வேலை செய்யும் தியரி.

அதனால் எல்லாம் மனம் ஆறிவிடவில்லை. சாம்பாரில் உப்பே போடாமல் வைத்தேன். கேள்வி கேட்காமல் சாப்பிட்டார், அதுவும் எரிந்தது. புருவம் திருத்தி, கலாவதி அக்கா தேர்ந்தெடுத்த பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றேன். நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஏதோ வெளிச்சம் வந்த மாதிரிகூட இருந்தது. இந்தப் பச்சை அங்கே ஜூன் மாதத்தில் இரண்டு வாரம்தான் இருக்கும், பிறகு எல்லாம் மஞ்சளாகிவிடும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சங்கக் கூட்டம். மாதம் ஒருவர் தன் துறையைப் பற்றித் தமிழில் பேச வேண்டும், இந்த மாதம் இவர் முறை. நானும் அக்காவும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஓல்னே, கூசேன்வில் போன்ற புறநகர்களிலிருந்தும்கூடக் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். உள்ளே வந்த ஒவ்வொரு பெண்ணையும் அக்கா முழங்கையால் இடித்துக் காட்டினார். நான் ஒவ்வொருத்தியையும் வெறுத்து, இல்லை என்று தலையாட்டினேன். விளக்கை அணைத்தார்கள். திரையில் ஒரு வரைபடம் வந்தது. மஞ்சள் நிறத்தில் ஒரு பரப்பு, நடுவே நீலநிறத்தில் ஒரு கோடு.

"இவதான் கல்கா," என்றார் என் கணவர்.

கலாவதி அக்கா என் காதுக்குள் சொன்னார். "பிள்ளை, உவள் ஆறல்லோ."

அவர் பேசிக்கொண்டே போனார். கல்கா கிழக்கே மலையில் பிறந்து, புல்வெளியில் இறங்கி, ஓர் ஏரியில் போய்ச் சேர்கிறாளாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதில் அவள் கரையில் ஒரு யுத்தம். எல்லை அந்த ஆறுதான் என்றது பக்கத்துச் சீனப் பகுதியான மஞ்சூரியாவைப் பிடித்து வைத்திருந்த ஜப்பான். இல்லை, ஆற்றைத் தாண்டி ஒரு நாள் நடைக்குக் கிழக்கே இருக்கிறது என்றது மங்கோலியா. அதன் பக்கம் ரஷ்யா. மாடும் குதிரையும் மேய்கிற அந்தத் துண்டுப் புல்லுக்காக ஒரு கோடை முழுக்கப் பீரங்கி வைத்து அடித்துக்கொண்டார்கள். பல்லாயிரம் பேர் செத்தார்கள். இன்றைக்கும் புல்லைக் கிளறினால் துருப்பிடித்த இரும்பு அகப்படும். எல்லைக் கம்பி வேலிக்கு முன்னால் மான்கள் கூட்டம் கூட்டமாக வந்து நின்று, தாண்ட முடியாமல் திரும்பிப் போகும்.

"இதுல வேடிக்கை என்னன்னா, கல்காவோட படுகை நிலையில்லாதது. வருஷத்துக்கு வருஷம் மாத்திக்கிட்டே இருப்பா," என்றார்.

படுகை. ஆற்றுப் படுகை. நான்தான் அதில் ஒரு 'க்' சேர்த்துப் பாய் விரித்திருக்கிறேன். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டால் படுகையும் படுக்கையாகத்தான் விழும். அந்த 'அவள்' எங்கிருந்து வந்தாள் என்பதும் அப்போதுதான் உறைத்தது. அவர் ஊர் திருவையாறு. அங்கே ஆற்றில் தண்ணீர் வந்தது என்று யாரும் சொல்வதில்லை, காவிரி வந்துட்டா என்றுதான் சொல்வார்கள். நான் சென்னையில் பிறந்தவள். கூவத்தை யாரும் அவள் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

சிரிப்பு வந்தது. புடவைத் தலைப்பால் வாயை அடைத்துக்கொண்டு சிரித்தேன். அக்காவும் குலுங்கினார். ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் உருண்டு போயிற்று. அப்புறம் திரையில் மாலை வெயிலில் கல்கா வந்தாள். வளைந்து வளைந்து, அவசரமே இல்லாமல். அவளைப் பார்த்தபடி அவர் நின்ற விதத்தைப் பார்த்தேன். என் சிரிப்பு அடங்கிவிட்டது.

அக்கா அதைக் கவனித்திருக்க வேண்டும். "கங்கையும் ஆறுதானே, கோமதி. பார்வதிக்கு எரிச்சல் வரேல்லையோ?" என்று மெதுவாகச் சொன்னார்.

விளக்கைப் போட்டார்கள். கேள்வி நேரம். யோகநாதன் ஐயா எழுந்தார். முன்பு பலசரக்குக் கடை வைத்திருந்தவர், சங்கத்தில் மூத்தவர். "தம்பி, எல்லை எதிலையெண்டு அங்கை மாடு மேய்க்கிற சனத்திட்டை ஆரும் கேட்டவையோ?"

"இல்லைங்க ஐயா," என்றார் சீத்தாராமன். "அவங்க வாழ்க்கையைப் பத்தின முடிவு. அவங்ககிட்ட யாருமே கேக்கல." சொல்லும்போது அவருக்குத் தொண்டை அடைத்தது. உண்மையாகவே அடைத்தது.

அப்போதுதான் அந்தச் சனிக்கிழமையின் கடைசி வாக்கியம் எனக்குத் திரும்ப வந்தது. கோமதிகிட்ட இன்னும் சொல்லல. படுக்கையைத் தப்பாகக் கேட்டேன், பெண் என்று தப்பாக நினைத்தேன். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் சரியாகத்தான் கேட்டிருக்கிறேன். எவளோ ஒருத்தியைத் தேடும் அவசரத்தில் அதை மறந்தே போயிருந்தேன்.

கூட்டம் முடிந்து இருவரும் நடந்தோம். அவர் உற்சாகமாக இருந்தார். யோகநாதன் ஐயாவின் கேள்வி அற்புதமான கேள்வி என்றார். தலைக்கு மேலே பாலத்தில் மெத்ரோ ரயில் ஸ்டாலின்கிராட் நிலையத்துப் பக்கம் போயிற்று. அந்தச் சத்தம் அடங்கும் வரை காத்திருந்தேன்.

"செப்டம்பர்ல எந்தத் தேதி கிளம்பறீங்க?"

அவர் நின்றுவிட்டார். யார் சொன்னது என்று கேட்டார். கல்கா என்றேன். அவருக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. சொல்ல வேண்டும் என்றுதான் இருந்ததாகவும், சரியான நேரம் பார்த்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். இரண்டு வருடம் சீக்கிரம் ஓடிவிடும் என்றார். எனக்கு இங்கே வேலை இருக்கிறது, கலாவதி அக்கா இருக்கிறார், பழகிய ஊர் என்று அடுக்கினார். எல்லாவற்றையும் யோசித்துத்தான் வைத்திருக்கிறார், என்னைக் கேட்பது ஒன்றைத் தவிர.

ஒரு பெண்ணாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவளுக்கும் வயதாகும், சலிப்பு வரும், ஒருநாள் அவரே திரும்பி வருவார். ஆற்றுக்கு வயதாகாது. நான் ஏழு வருடமாக மிக்ஸியைப் போட்டுத் தோற்கடிக்கப் பார்த்தது இவளைத்தான்.

இன்னும் நான் ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தேன் என்பதை மறைப்பானேன். நூறு பேர் முன்னால் அந்த ஆற்றைப் பற்றிப் பேசிய குரலில் அவர் என்னைக் கூப்பிட்டிருந்தால், வேலையை விட்டுவிட்டு அந்த மரமில்லாத ஊருக்குப் போயிருப்பேன். அங்கே போய் அவளை நேருக்கு நேர் பார்த்திருப்பேன்.

எங்கள் கட்டடத்துக்குக் கீழே இருக்கும் கடை வாசலுக்கு வந்துவிட்டோம். உள்ளே விளக்கு எரிந்தது. அவர் சட்டைப்பையில் சாவியைத் தேடியபடியே சொன்னார்.

"நீயும் வேணும்னா வாயேன்."

முதல் குரல்.

"பால் வாங்கணும்," என்று சொல்லிவிட்டு நான் கடைக்குள் போனேன்.